ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸைக் கவிழ்த்தது எந்த ஒப்பந்தம்? 1965-ஆ, 1972-ஆ?

ஊசிமுனை:

கறுப்பின மக்களின் சோல் இசைத்தட்டுகளை வெளியிட்ட அமெரிக்க லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) ஸ்டாக்ஸ். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். 1965-ல் அதன் நிறுவனர் ஜிம் ஸ்டூவர்ட் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், ஸ்டாக்ஸ் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனி மாஸ்டர் டேப்புகளை (பாட்டுகளின் மூலப் பதிவுகளை) அள்ளிக்கொண்டு போனது, லேபிள் செத்தது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது இல்லை. டேப்புகள் கைவிட்டுப் போனது 1968-ல். ஸ்டாக்ஸ் திவாலானது 1975 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு வருஷத்தில்தான் அந்த லேபிளின் மிகப்பெரிய ஆல்பங்கள் சில வெளிவந்தன. கவிழ்த்தது 1972-ல் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு போட்ட விநியோக ஒப்பந்தம் என்பது என் கட்சி.

புதிதாகப் படிப்பவர்களுக்காகத் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் பகலில் வங்கி வேலை, மாலையில் கன்ட்ரி இசைக்குழுவில் பிடில் என்று இருந்தவர் ஜிம் ஸ்டூவர்ட். 1957-ல் சாட்டிலைட் என்ற பெயரில் ஒரு சின்ன லேபிள் தொடங்கினார். கையில் காசு இல்லை. அவரைவிட 12 வயது மூத்த அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்து ஆம்பெக்ஸ் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். அக்காவும் வங்கி ஊழியர்தான், யூனியன் பிளான்டர்ஸ் வங்கியில். அந்த வங்கியின் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் திரும்ப வரும்.

1960-ல் கிழக்கு மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேபிட்டல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, குறுக்கே தடுப்புக் கட்டி ஸ்டுடியோ ஆக்கினார்கள். கொட்டகையின் சரிந்த தரையைச் சமமாக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். முன்பு மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்தார். மறு வருஷம், கலிபோர்னியாவில் வேறொரு சாட்டிலைட் இருப்பது தெரிந்து, ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் ஆனது.

என் வாதமே அந்தக் கடையில்தான் இருக்கிறது. அக்கம்பக்கம் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. பிள்ளைகள் வந்து தட்டு கேட்பார்கள். எதை வாங்குகிறார்கள், எதை இரண்டு தரம் போடச் சொல்கிறார்கள், எது அலமாரியிலேயே தூங்குகிறது என்று எஸ்டெல் கவனித்து ஸ்டுடியோவுக்குச் சொல்வார். அப்படிக் கடைக்கு வந்து போன பள்ளி மாணவன் புக்கர் டி. ஜோன்ஸ். எதிரே மளிகைக் கடையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பையன் டேவிட் போர்ட்டர், பிற்பாடு ஐசக் ஹேய்ஸோடு சேர்ந்து சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் ஜோடிக்கு ஹிட் ஹிட்டாக எழுதினார். பாட்டு எழுதுகிறவன், வாசிக்கிறவன், வாங்குகிறவன் மூவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். 1972 ஒப்பந்தம் வெட்டியது அந்தத் தொடர்பை.

---

பழையதட்டு:

ஊசிமுனை தம்பி, 1965-ஐ இவ்வளவு லேசாகத் தாண்டக்கூடாது.

1960-ல் ரூபஸ் தாமஸும் மகள் கார்லாவும் பாடிய ஒரு தட்டு மெம்பிஸ் வட்டாரத்தில் நன்றாக ஓடியது. அது நியூயார்க்கில் அட்லாண்டிக்கின் ஜெரி வெக்ஸ்லர் காதுக்கு எட்டியது. அவர் தேசிய அளவில் விநியோகம் செய்ய முன்வந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. ஐந்து வருஷம் அப்படியே நடந்தது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 1965-ல் ஜிம்தான் எழுத்தில் வேண்டும் என்று கேட்டார். அவர் பயம் வேறு: வெக்ஸ்லர் அட்லாண்டிக்கை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் வெக்ஸ்லர் விலகினாலோ கம்பெனி கைமாறினாலோ தாங்களும் விலகலாம் என்ற பிரிவைக் கேட்டு வாங்கினார். தான் கேட்ட பிரிவு இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, கேட்காதது எது இருக்கிறது என்று பார்க்கவில்லை. அட்லாண்டிக் விநியோகித்த மாஸ்டர்கள் அனைத்தின் உரிமையும் அட்லாண்டிக்குக்கே என்று உள்ளே ஒரு பத்தி இருந்தது.

1967-ல் அட்லாண்டிக்கை வார்னர் பிரதர்ஸ்-செவன் ஆர்ட்ஸ் வாங்கியது. விலகலாம் என்று எழுந்தபோதுதான் ஜிம்முக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பத்தி அங்கே இருந்ததே தனக்குத் தெரியாது, வக்கீல்கள் செய்தது என்று வெக்ஸ்லர் பிற்காலத்தில் சொன்னார். சொன்னாலும் டேப்புகள் திரும்பவில்லை. சாம் அண்ட் டேவும் போனார்கள். அவர்கள் ஆரம்பத்திலேயே அட்லாண்டிக் ஒப்பந்தக்காரர்கள், மெம்பிஸுக்கு இரவலாக வந்தவர்கள்.

அதே சமயத்தில் 1967 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஸின் முன்னணிப் பாடகர் ஓடிஸ் ரெடிங் போன விமானம் விஸ்கான்சினில் மனோனா ஏரியில் விழுந்தது. அவருக்கு 26 வயது. கூட இருந்த, அவருக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவின் நான்கு பேரும் போனார்கள், பெரும்பாலும் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். சில நாள் முன்புதான் ஓடிஸ் துறைமுகக் கரையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிய அந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தார். ஸ்டாக்ஸ் கிடார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர் அலை ஓசையும் கடற்பறவைச் சத்தமும் சேர்த்து முடித்துக் கொடுத்தார். 1968 மார்ச்சில் பில்போர்ட் பட்டியலில் முதலிடம். அதன் மாஸ்டரும் அட்லாண்டிக்கிடம் போனது.

இதை இழந்த கம்பெனி எப்படி உயிர்வாழும்? பழைய பாட்டுகள்தான் ஒரு லேபிளுக்குச் சோறு போடுகின்றன. புதுப் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஓடிஸ் தட்டு மாதாமாதம் விற்கும், ஸ்டுடியோ வாடகை கட்டலாம். அந்த வருமானம் பூஜ்யம் ஆனதால்தான் 1968-ல் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெரிய கம்பெனிக்கு விற்றார்கள். பிறகு கடன் வாங்கி மீட்டார்கள், மறுபடி கடன் வாங்கினார்கள். நீங்கள் சொல்லும் 1972 ஒப்பந்தம் இந்த ஓட்டையை அடைக்கப் போட்டதுதானே?

---

டிரம்ஸ்_செல்வா:

ரெண்டு பேரும் காகிதத்தையே பேசுறீங்க. நான் வாசிக்கிறவன், அதனால அந்த ரூமைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன்.

அந்தத் தியேட்டர் பெருசு, சுவர் உயரம். சத்தம் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கும். ஆரம்ப வருஷங்கள்ல எல்லாமே மோனோ, ஒரே டிராக். பாடுறவர், ஹார்ன், டிரம்ஸ், ஆர்கன் எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கணும், ஒருத்தர் தப்பு பண்ணினா மொத்தமும் மறுபடி. பிறகு ஒட்டுப்போட முடியாது. அதனாலதான் அந்தத் தட்டுகள்ல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே வாசிக்கிறது நமக்கே கேக்குது. ஆல் ஜாக்சன் ஜூனியர் மாதிரி ஒரு டிரம்மர் இன்னொருத்தர் எனக்குத் தெரியாது. ஒரு அடி கூட அதிகமா அடிக்க மாட்டார். 1965-ல பாடகர் வில்சன் பிக்கெட் பதிவுக்கு வந்தப்போ வெக்ஸ்லர் ஸ்டுடியோ நடுவுல இறங்கி அப்போ பிரபலமா இருந்த ஒரு டான்ஸை ஆடிக் காட்டினார், ரெண்டாவது நாலாவது அடி இப்படி விழணும்னு. ஜாக்சனும் க்ராப்பரும் அந்த அடியை ஒரு மயிரிழை தாமதமா வைக்க ஆரம்பிச்சாங்க. அதுதான் அப்புறம் ஸ்டாக்ஸ் பாணின்னே பேர் வாங்குச்சு. ஹெட்போன் போட்டு ஸ்னேர் டிரம் அடி எங்க விழுதுன்னு மட்டும் கவனிச்சுப் பாருங்க.

ஸ்டாக்ஸோட சொந்த வாத்தியக் குழு புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் உருவானதும் திட்டம் போட்டு இல்ல. 1962-ல ஒரு செஷன்ல நேரம் மிச்சம் இருந்துச்சு, சும்மா வாசிச்சாங்க, ஜிம் டேப்பை ஓட்டிட்டார். பின்பக்கத்துக்குன்னு போட்ட ஆர்கன் இசைதான் நாடு முழுக்க ஓடுச்சு. புக்கருக்கு அப்போ 17 வயசு. கொஞ்ச நாள்ல இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போயிட்டார், லீவுக்கு லீவு மெம்பிஸ் வந்து ரெக்கார்டிங். 1965 வாக்கில டக் டன் பேஸுக்கு வந்தப்புறம் ரெண்டு கறுப்பர் (புக்கர், ஜாக்சன்), ரெண்டு வெள்ளையர் (க்ராப்பர், டன்). நிறப் பாகுபாடு இருந்த அந்த ஊர்ல இவங்க நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடக்கூட இடம் தேடணும். அதுக்குத்தான் லொரெய்ன் மோட்டல். பாட்டு எழுதுறது, வெயில்ல நீச்சல் குளத்துல கிடக்குறது எல்லாம் அங்க. 1968 ஏப்ரல் 4 அன்னிக்கு மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டது அதே மோட்டல் பால்கனியில. அதுக்கப்புறம் அந்த நாலு பேருக்குள்ள இல்லைன்னாலும் கட்டிடத்துக்குள்ள காத்து மாறிடுச்சு.

1970 வாக்கில புக்கரும் க்ராப்பரும் போயிட்டாங்க. ஸ்டாக்ஸ்ல பாடின ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவோட 1972 நம்பர் ஒன் பாட்டு மெம்பிஸ்லயே பதிவாகல, அலபாமாவுல மசில் ஷோல்ஸ்ல. நல்ல பாட்டுதான், சந்தேகமே இல்ல. ஆனா அந்த ரூம் இல்ல, அந்த டிரம்மர் இல்ல. என்னைக் கேட்டா, லேபிள் மாறிப்போனது அங்கதான். கடனும் கோர்ட்டும் அதுக்கப்புறம் வந்தது.

---

மேகலை_கணக்கு:

நான் தணிக்கை வேலை பார்ப்பவள். இந்தக் கதையை வரவு செலவு வழியாகத்தான் படித்தேன், அதனால் செல்வா சொன்ன பக்கத்தைத் தொடவில்லை.

யாரும் இன்னும் ஆல் பெல் பெயரைச் சொல்லவில்லை. 1965-ல் விற்பனையைக் கவனிக்க வந்தவர், அதற்குமுன் வானொலி அறிவிப்பாளர். 1968-ல் கையில் ஒரு பழைய பாட்டுகூட இல்லாத நிலையில் அவர் செய்ததைப் பாருங்கள்: 1969-ல் ஒரே வீச்சில் 27 ஆல்பங்கள். ஒரு கேட்டலாகையே (விற்பனைக்கான பாட்டுத் தொகுப்பையே) புதிதாகக் கட்டினார். அதில் ஒன்று ஐசக் ஹேய்ஸின் நான்கே பாட்டு உள்ள ஆல்பம். ஒரு பாட்டு 18 நிமிஷத்துக்கு மேல் ஓடும். எந்த வானொலியும் போடாது என்று தோன்றும். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பின்னணி வாசித்தது, விபத்துக்குப் பிறகு பென் காலியும் அன்று வேறு விமானத்தில் போன ஜேம்ஸ் அலெக்ஸாண்டரும் திரட்டிய புதிய பார்-கேஸ். 1972-ல் ஹேய்ஸ் ஒரு துப்பறியும் படத்தின் பாட்டுக்காக ஆஸ்கர் வாங்கினார். பழையதட்டு சார், பழைய வருமானம் இல்லாமல் ஒரு லேபிள் பிழைக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இது பதில். பிழைத்தது.

ஆனால் செலவுக் கணக்கை ஊசிமுனையும் தொடவில்லை. எஸ்டெல் அக்கா இந்தக் காலத்தில்தான் விலகினார். தெருவோடு இருந்த தொடர்பு என்றீர்களே, அது அறுந்தது அப்போதே, சிபிஎஸ் வருவதற்கு முன்பே. கம்பெனி பெருத்தது, ஆட்கள் பெருத்தார்கள். 1972 நவம்பரில் ஸ்டாக்ஸோடு சம்பந்தப்பட்ட ஜானி பெய்லர் என்பவர் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் பிடிபட்டபோது பெட்டியில் சுமார் 1,30,000 டாலர் ரொக்கம், கூடவே ஸ்டாக்ஸ் கொடுத்த 5 லட்சம் டாலர் காசோலை. வருமான வரித் துறை உள்ளே வந்தது அதிலிருந்து. என் கண்ணுக்கு, எந்த ஒப்பந்தத்தைவிடவும் இந்தப் பெட்டி பெரிய எச்சரிக்கை.

வங்கிக் கதையும் சொல்ல வேண்டும். 1975-ல் யூனியன் பிளான்டர்ஸுக்கு ஸ்டாக்ஸ் தரவேண்டிய கடன் ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. வங்கியும் அப்போது நொடித்துக்கொண்டிருந்தது, எங்கிருந்தாவது வசூலித்தே ஆகவேண்டிய நிலை. ஜிம் ஸ்டூவர்ட் 1972-லேயே தன் பங்கை ஆல் பெல்லுக்கு விற்றுவிட்டு ஒதுங்கியவர். நிம்மதியாக இருந்திருக்கலாம். திரும்பி வந்து, தன் சொந்தச் சொத்தை ஜாமீனாக வைத்தார். வீடு உட்பட எல்லாம் போனது. அக்கா வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கியதைத் தம்பி வீட்டை இழந்து முடித்தார். 1975 டிசம்பர் 19 அன்று திவால் நடவடிக்கை, ஆயுதக் காவலோடு வந்து மூடினார்கள். வங்கியை ஏமாற்றினார் என்று ஆல் பெல் மேல் வழக்கு. 1976-ல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. அந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் அவர் செலவை மட்டும் பேசுவது நியாயமில்லை, அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

---

ஊசிமுனை:

மேகலை, எஸ்டெல் விலகியது பெரிய இழப்பு. ஆனால் தெருத் தொடர்பு அப்போது அறுந்தது என்று சொல்ல முடியாது. 1972 ஆகஸ்ட் 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965-ல் வெடித்த கிளர்ச்சியின் ஏழாம் ஆண்டு. கொலிசியம் மைதானத்தில் ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் கச்சேரிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். டிக்கெட் 1 டாலர். ஒரு டாலர் என்று வைத்தால் யாரெல்லாம் குடும்பத்தோடு வர முடியும் என்று தெரிந்த கம்பெனி அது.

அதே வருஷம்தான் சிபிஎஸ். அதற்கு முன் ஸ்டாக்ஸ் தட்டுகள் ஊர் ஊராகச் சிறு விநியோகஸ்தர்கள் வழியாகப் போயின. கறுப்பினப் பகுதிகளில் குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகளுக்கு நேராக எட்டின. கடைக்காரர் போன் போட்டு, இது ஓடுகிறது இன்னும் அனுப்பு என்பார். சிபிஎஸ்ஸின் வலை பெரிய கடைகளுக்கானது. அதன் விற்பனை ஆட்களுக்கு அந்தச் சின்னக் கடைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. ஆல் பெல் கணக்கு என்னவென்றால், பெரிய கடைகளுக்கு அவர்கள் வழி, சின்னக் கடைகளுக்கு நம் வழி. அது நடக்கவில்லை.

கொடுமை இதுதான்: இந்த ஒப்பந்தத்தைப் போட்டது சிபிஎஸ்ஸில் கிளைவ் டேவிஸ். 1973 மே மாதம் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1965-ல் ஜிம் பயந்து பயந்து கேட்டு வாங்கினாரே, நம் ஆள் போனால் நாமும் போகலாம் என்ற பிரிவு, இந்த ஒப்பந்தத்தில் அப்படி ஒன்று இல்லை. டேவிஸுக்குப் பிறகு வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸ் ஒரு சுமை. சரக்கு கிடங்கில் கிடந்தது, வரவேண்டிய பணத்தில் ஒரு பெரும் பகுதியைப் பிடித்து வைத்தார்கள். வெளியேறவும் விடவில்லை.

வேறு எந்தச் சான்றும் வேண்டாம், பிக் ஸ்டார் குழுவைப் பாருங்கள். மெம்பிஸ் பையன்கள், ஆர்டென்ட் ஸ்டுடியோ, விநியோகம் ஸ்டாக்ஸ் வழியாக. 1972-லும் 1974-லும் இரண்டு ஆல்பம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். கடையில் போய்க் கேட்டால் தட்டு இல்லை! கடனோ, பழைய டேப்போ, டிரம்மரோ இதற்குக் காரணம் கிடையாது. அச்சடித்த தட்டு கேட்பவர் கைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். பணம் வராததால்தான் மேகலை சொன்ன வங்கிக் கடன் வீங்கியது.

---

பழையதட்டு:

பிக் ஸ்டார் நல்ல சான்று, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஓடிஸ் டேப்புகள் கையில் இருந்திருந்தால் சிபிஎஸ் கதவைத் தட்டியே இருக்கமாட்டார்கள். அதையும் யோசியுங்கள்.

செல்வா, ஆல் ஜாக்சனைப் பற்றிச் சொன்னீர்கள். 1975 அக்டோபர் 1 அன்று அவரை மெம்பிஸில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். எம்ஜிஸ் நால்வரும் மறுபடி சேருவதாக முடிவெடுத்திருந்த நேரம். லேபிளும் அடுத்த மூன்று மாதத்துக்குள் போய்விட்டது.

---

டிரம்ஸ்_செல்வா:

ஆமா சார். அந்தத் தேதியை எழுத எனக்கு மனசு வரல, அதான் விட்டுட்டேன்.

---

யாழினி_க:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். அந்தக் கட்டிடம் இப்போது இருக்கிறதா? ஸ்டாக்ஸ் மியூசியம் என்று படங்களில் பார்ப்பது அந்தத் தியேட்டரேதானா? இன்னொன்று, புதிதாகக் கேட்கத் தொடங்கும் எனக்கு எதை வாங்குவது என்று புரியவில்லை. ஒரே லேபிள், ஆனால் சில தட்டுகளில் அட்லாண்டிக் பெயர், சிலவற்றில் கான்கார்ட் பெயர்.

---

மேகலை_கணக்கு:

அந்தத் தியேட்டர் இல்லை யாழினி. திவாலுக்குப் பிறகு கட்டிடம் ஒரு தேவாலயத்தின் கைக்குப் போனது, 1989-ல் இடித்துவிட்டார்கள். பல வருஷம் வெறும் மனை. 2003-ல் அதே இடத்தில் பழைய முகப்பை அப்படியே திரும்பக் கட்டி மியூசியம் திறந்தார்கள். உள்ளே ஸ்டுடியோ அறையையும் சரிந்த தரையோடேயே அமைத்திருக்கிறார்கள். மியூசியத்துக்கு முன்பே, 2000-த்தில், அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கும் ஸ்டாக்ஸ் மியூசிக் அகாடமி தொடங்கிவிட்டது. எனக்கு மியூசியத்தைவிட இந்த அகாடமிதான் பெரிதாகத் தெரிகிறது. மெக்லமோர் தெருப் பிள்ளைகள் மறுபடி அங்கே ஹார்ன் பிடிக்கிறார்கள்.

---

பழையதட்டு:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். பழைய தட்டு கையில் எடுத்தால் நடுவிலுள்ள லேபிளைப் பாருங்கள். நீல நிறம், தட்டுகள் அடுக்கியிருப்பது போன்ற சின்னம் என்றால் அது 1968-க்கு முந்தியது. மஞ்சள் நிறம், விரல் சொடுக்கும் கை என்றால் பிந்தியது. முந்தியவற்றின் உரிமை அட்லாண்டிக் வழியாக வார்னரிடம். பிந்தியவற்றைத் திவாலுக்குப் பிறகு 1977-ல் ஃபேண்டஸி என்ற இசைத்தட்டுக் கம்பெனி வாங்கியது, 2004-ல் ஃபேண்டஸியையே கான்கார்ட் வாங்கிவிட்டது. ஓடிஸ், சாம் அண்ட் டேவ், எம்ஜிஸின் முதல் ஆல்பங்கள் வார்னர் பக்கம். ஹேய்ஸ், ஸ்டேபிள் சிங்கர்ஸ், ஜானி டெய்லரின் பெரிய ஹிட்டுகள் கான்கார்ட் பக்கம்.

சிங்கிள்கள் மொத்தமும் வேண்டுமென்றால் மூன்று பெட்டிகள் உண்டு. 1959 முதல் 1968 வரையானது 9 சிடி, அட்லாண்டிக் 1991-ல் போட்டது. 68 முதல் 71 வரை ஒன்று, 72 முதல் 75 வரை ஒன்று, இவை இரண்டும் ஃபேண்டஸி போட்டவை. வரிசையாகக் கேளுங்கள். ஆனால் முதலில் ஓடிஸின் 1965 ஆல்பம். ஜூலை மாதம் சுமார் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தது, நடுவில் வாசிப்பவர்கள் தங்கள் ராத்திரிக் கச்சேரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஹார்ன்காரர்களுக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று ஓடிஸ் வாயாலேயே பாடிக் காட்டுவாராம், அது அந்தத் தட்டில் தெரியும்.

---

ஊசிமுனை:

யாழினி, அதோடு மூன்றாவது பெட்டியின் கடைசி சிடியையும் தள்ளிவிடாதீர்கள். 1974, 75-ல் வெளிவந்த சிங்கிள்கள். பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமலே போனவை. பாட்டு குறைந்ததாலா, தட்டு கடைக்குப் போகாததாலா என்று கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். பழையதட்டு அண்ணனுக்கும் எனக்கும் இடையில் உங்கள் ஓட்டு வேண்டும்.